தகுதிச் சான்று

எட்டு முறை பட்டத்தைக் காத்தான் சவரிராயன்.
எட்டும் சொத்தை என்கிறது உப்பளம்.
எதிரில் நின்றவன் யார், அதைச் சொல்லு முதலில் என்று
பரோட்டாக் கடை பெஞ்சில்
பெல்ட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக
விடிய விடிய வழக்கு.

என்னை யாரும் கேட்பதில்லை.
நான் ஒலிபெருக்கிக்குப் பின்னால்
துணி மறைப்புக்குள் உட்கார்ந்திருந்த
அரசு மருத்துவமனை டாக்டரம்மா.
மாசி மகத்துக்கு அடுத்த ஞாயிறுதோறும்
நூற்றைம்பது ரூபாய், ஒரு டீ.
எட்டுப் பேர் நெஞ்சையும்
பண்ருட்டிப் பலாவைப் போல
விரலால் தட்டிப் பார்த்தவள்.

காரைக்கால் அந்துவானுக்கு முந்தின இரவு காய்ச்சல்.
மாத்திரை விழுங்கி மறைத்து வந்தான்,
வியர்வையின் வாசம் காட்டிக்கொடுத்தது.
தெர்மாமீட்டர் நூறைத் தொடவில்லை,
விட்டேன்.
கடலூர் முதுநகர் ஐஸ் ஃபேக்டரி ஜலால்
இரவு ஷிப்டு முடித்து நேராக வந்தவன்.
கையுறைக்கு நீட்டிய விரல்கள்
இன்னும் விறைத்திருந்தன.
சொத்தையா அவன்? ஐந்து சுற்றும் நின்றானே.
அடி வாங்கிக்கொண்டு நின்றான் என்பீர்கள்.
நின்றதைத்தான் சொல்கிறேன்.
கிருமாம்பாக்கத்தான் ஒருவன், பெயர் மறந்துவிட்டது,
பாறை மாதிரி உடம்பு,
பயத்தில் என் மேசை மேலேயே வாந்தி எடுத்தான்.
மணி அடித்து நாற்பது நொடி.
அவ்வளவுதான் அவன்.
மற்றவர்களைப் பற்றி எழுத
என்னிடம் எதுவுமில்லை. சுமாரான நெஞ்சுகள்.

ஆறாம் வருஷம்
போஸ்டரில் வீராம்பட்டினம் தேசிங்கு.
தட்டினேன்; விரலுக்கு வலித்தது.
கண்ணில் மின்மினி பறக்கிறதா என்றேன்.
"கடல்ல எப்பவும் பறக்கும் டாக்டரம்மா"
என்று சிரித்தான்.
விளக்கை உள்ளே செலுத்தினேன்.
இடது கண்ணின் அடியாழத்தில்
மீன் அறுத்துக்கொண்டு போன வலை போல்
ஒரு சின்னக் கிழிசல்.

பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து
எழுதினேன்: தகுதியில்லை.
அவன் வாதாடவில்லை.
கைக்கட்டுத் துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து
நான்காக மடித்து
மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மாற்றாக இழுத்து வந்தது
பஸ் டிப்போ வாட்ச்மேன் புகழேந்தியை.
எடை இரண்டு கிலோ போதவில்லை.
சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க வைத்துத்
தராசில் ஏற்றினார்கள்.
மூன்றாம் சுற்றில் விழுந்தான்.
பதிவேட்டில் அதுதான் ஆறாவது வெற்றி.
சொத்தை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சாம்பியனின் நாடியையும்
நான்தான் பிடிப்பேன்.
அந்துவானுக்கு அறுபத்திரண்டு.
ஜலாலுக்கு அறுபத்தெட்டு.
பாறைக்கு அறுபது, அதுவும் கொட்டாவியோடு.
ஆறாம் வருஷம், மாலை நாலரை மணிக்கு
நூற்றிரண்டு.
ஆள் மாறியதைச் சொன்ன பிறகு,
ஐந்தேகாலுக்கு, அறுபத்தாறு.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவனாகத்தான் சொன்னான்,
தோளில் துண்டைப் போட்டபடி,
என் முகத்தைப் பார்க்காமல்:
"பதினோரு ராத்திரி தூங்கலம்மா."

அன்று தேசிங்கு வீட்டுக்குப் போகவில்லை.
இருபது ரூபாய் டிக்கெட் எடுத்து
மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து
தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்து
கத்திக்கொண்டிருந்தான்:
"இடது கைய எறக்குறான், எறக்குறான் பாரு,
இப்பப் போ!"
புகழேந்திக்குக் கேட்கவில்லை,
வயிற்றில் தண்ணீர் குலுங்கிக்கொண்டிருந்தது.
எனக்குக் கேட்டது.

அதற்கப்புறம் இரண்டு வருஷமும் கவனித்தேன்.
களைத்தால் இடது கை
ஒரு சாண் இறங்கத்தான் செய்கிறது.
அந்த இடைவெளி வழியாக
யாரும் உள்ளே போகவில்லை.